நாலு நாற்பது விசில்

அந்தத் தெருவில் யார் பேச்சை எடுத்தாலும் நடுவில் ஓர் ஓட்டை விழும். துறைமுகத்துக்குள் போகிற சரக்கு வண்டி, தெருமுனையில் ஆட்கள் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்துக்கு வரும்போது விசில் அடிக்கும். அடித்தால், பேசுகிறவர் வாயைத் திறந்தபடியே நிற்பார். ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். சண்டைக்காரர்கள்கூட ஓங்கின கையோடு காத்திருந்து, விசில் முடிந்த பிறகுதான் மிச்சத் திட்டைத் திட்டி முடிப்பார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் இந்தக் கூத்தைப் பார்த்து, என்ன வம்சமோ என்று பயந்து எழுந்து போன கதையும் அங்கே உண்டு.

தையல்காரியின் வீடு தெருவின் கடைசி வீடு. ஜன்னலைத் திறந்தால் இருபதடியில் தண்டவாளம். அதன் இரண்டு பக்கமும் கண்டெய்னர்களை நாலு அடுக்குக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், கிரேனும் லாரியும் இரும்பைத் தட்டுகிற தட்டலுமாக நாள் முழுக்க இரைச்சல். அதற்குள் எஞ்சின் இரைச்சலை எங்கே பிரிப்பது? ரயில்வே கேட்டும் கிடையாது, கேட் கீப்பரும் கிடையாது. ஆகவே விசிலை நம்பித்தான் தெருவே தண்டவாளத்தைத் தாண்டியது. விசில் கேட்டால் நில், கேட்காவிட்டால் நட. அவ்வளவுதான் சட்டம்.

அந்த விசிலைத்தான் நிறுத்தச் சொல்லி மனு எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மூன்றாம் வீட்டுக் கம்பவுண்டரின் மனைவி படுத்த படுக்கை. ஒவ்வொரு விசிலுக்கும் உடம்பு தூக்கிப் போடும். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்து ஓய்வு பெற்ற அந்த மனுஷர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நீள நோட்டு வாங்கினார். மணி, எத்தனை விநாடி, குறிப்பு என்று மூன்று கட்டம் போட்டார். தெருவில் ஆளுக்கு மூன்று மணி நேரம் முறை வைத்தார். "நாம சத்தம் போட்டா அவன் மதிக்க மாட்டான். கணக்கா எழுதிக் கொடுத்தா மதிப்பான்" என்றார். டீக்கடைக்காரர் குறிப்புக் கட்டத்தில் 'பால் பொங்கி ஊத்திக்கிச்சு, விசிலே காரணம்' என்று எழுதிவைத்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மத்தியானம் மூன்றிலிருந்து ஆறு வரை தையல்காரியின் முறை. மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் துறைமுக ஆட்களுடைய உடுப்புகளுக்கு முழங்கால் ஒட்டுப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பவள் அவள்தான். ஆனால் நாலு நாற்பது வண்டியை ஓட்டுகிறவர் அவள் புருஷன்.

"புருஷனுக்கு எதிரா பொண்டாட்டியே நோட்டு எழுதுறா" என்று தெரு சிரித்தது. அவளும் கூடச் சிரித்து வைத்தாள்.

முதல் வாரம் எல்லாரும் எழுதியதைச் சேர்த்துப் பார்த்தபோது கம்பவுண்டர் ஒன்றைக் கண்டுபிடித்தார். மற்ற வண்டிகள் மூன்று விநாடி, நாலு விநாடி. நாலு நாற்பது மட்டும் பத்து, பன்னிரண்டு, ஒரு நாள் பதினாலு. "உங்க வீட்டுக்காரருக்கு எங்க மேல என்னம்மா கோவம்?" என்று கேட்டார். கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவருக்குக் காது கேட்காது.

இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் எஞ்சினுக்குள் உட்கார்ந்து, தலைக்கு மேலே அலறுகிற விசிலைக் கேட்டுக் கேட்டே போன காது. வலது காது முதலில் போயிற்று. நாலு வருஷத்தில் இடதும் போய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இல்லாவிட்டால் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். தங்கமான மனுஷர், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று தெருவில் பெயர் வாங்கியதும் அப்படித்தான். வருஷா வருஷம் நடக்கிற காதுப் பரிசோதனையில், கண்ணாடியில் தெரிகிற ஆளின் கை, சத்தம் எழுப்புகிற பொத்தானை அழுத்துவதைப் பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்கித் தேறிவந்தார். துணைக்கு ஒரு டிரைவரை ஏற்றுவதையும் ஆபீஸ் நிறுத்தி இரண்டு வருஷமாயிற்று. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம். அதற்குள் தெரிந்துபோனால் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவருடைய பயம். பயம் அவருக்கு மட்டுமா என்ன?

அன்று அவரை எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"ஏங்க, எதுக்கு அவ்வளவு நேரம் புடிச்சு இழுக்குறீங்க?"

"கேக்குற வரைக்கும்தான் இழுக்குறேன்."

"கேக்குதா?"

"கொஞ்சம் நேரம் கழிச்சு, லேசா கேக்குற மாதிரி இருக்கும். அப்ப விட்டுடுவேன்."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "கேக்க வேணாம். எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. விட்டுடுங்க" என்றாள். ஒட்டடைக் கொம்பை அவர் கையில் கொடுத்து, இழுக்கச் சொல்லி, தான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒரு மணி நேரம் விளையாடினார்கள். மறுநாள் நாலு நாற்பதுக்கு ஜன்னலில் காதை வைத்துக் காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கத்தரித்தது போல நின்றது. அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் ஒரு பேண்ட்டின் இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

அப்புறம் தினமும் மூன்றுதான். கம்பவுண்டரே வந்து, "சொல்லி வெச்சீங்களாம்மா? நல்ல மனுஷன், உடனே கேட்டுக்கிட்டாரே" என்று பாராட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கடிகாரம் பார்த்தாள். மூன்றாவது வாரம் தைப்பதற்குத் துணி மலையாகக் குவிந்தது. தினமும் அதே மூன்று; இதற்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தி, கண்ணாடியை மாட்டி, பேனாவைத் தேடி... யாருக்கு முடியும்? மூன்று மணிக்கு நோட்டு கைக்கு வந்ததும் அன்றைய வண்டிகளை மொத்தமாக எழுதி வைக்க ஆரம்பித்தாள். நாலு நாற்பது, மூன்று விநாடி, குறிப்பு ஒன்றுமில்லை. மையும் காய்ந்துவிடும், வேலையும் ஓடும்.

அது நடந்த அன்றைக்கும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள்.

நாலரைக்கு மேல் தரை லேசாக அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. லாரிக்கும் அதே அதிர்வுதான். ஆனால் நாலு நாற்பது வண்டியின் அதிர்வு அவள் பாதத்துக்குத் தெரியும். பெடலிலிருந்து கால் தானாக நின்றது. இப்போது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கேன்காரர் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. வண்டியில் தலை உயரத்துக்கு மேல் கேன்களை அடுக்கி, இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, வாயில் ஏதோ பாட்டு. தினமும் இருபது தடவை அந்தத் தண்டவாளத்தைத் தாண்டுகிற ஆள். விசில் கேட்டால் பத்தடி தள்ளியே வண்டியை நிறுத்தி, பீடி பற்றவைக்கிற ஆள். தையல்காரி எழுந்தாள். கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் எஞ்சினின் முகம் கண்டெய்னருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டது.

பிரேக் கீச்சிட்டதுதான் அன்று அந்தத் தெரு கேட்ட சத்தம். தண்ணீர் கேன் ஒன்று உருண்டு உருண்டு அவள் வாசற்படியில் வந்து முட்டி நின்றது. அது உடையவே இல்லை.

ஜனங்கள் ஓடினார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "விசில் அடிச்சானா? அடிக்கலையா?" என்று யாரோ கேட்டார்கள். "அடிச்சுது, நான் கேட்டேன்" என்றார் டீக்கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. இருபது வருஷமாக அந்த நேரத்துக்குக் கேட்ட காது, இல்லாததையும் கேட்டிருக்கும். "நானும் கேட்டேன்" என்று இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். "எங்க அடிச்சுது? அடிக்கவே இல்ல" என்று வேறு இரண்டு பேர். வாக்குவாதம் முற்றியபோது கம்பவுண்டர் விறுவிறுவென்று அவள் வீட்டுக்குள் வந்து, மெஷின் மேலிருந்த நோட்டை எடுத்தார். அவளால் தடுக்க முடிந்திருக்கும். ஒரு வார்த்தை போதும். 'அது மூணு மணிக்கே எழுதினது.' அவள் வாசற்படியில் முட்டிக் கிடந்த கேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பவுண்டர் கூட்டத்தின் நடுவில் நின்று சத்தமாகப் படித்தார்.

"நாலு நாற்பது. மூணு விநாடி."

வாக்குவாதம் அடங்கிவிட்டது.

விசாரணை பத்து நாளில் முடிந்தது. எஞ்சினை ஷெட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள்; விசில் ஊரையே எழுப்புகிற மாதிரி அடித்ததாம். டிரைவர், "இழுத்தேன் சார். மூணு எண்ணி இழுத்தேன்" என்று எழுதினார். எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னதால் காது விஷயத்தில் அவர் தப்பித்தார். கம்பவுண்டர் நோட்டை மேசைமேல் வைத்து, "இந்த விசிலுக்கு எதிரா மனு போட்டவனே நான்தான். அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். நோட்டுல இருக்கு, அடிச்சிருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். எதிராளியின் நோட்டே சாட்சி சொல்கிறபோது அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்? தையல்காரியை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"என் கையெழுத்துதாங்க."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும், பழக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஷெட் மெக்கானிக் வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை. டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, வார்த்தைகளை மென்று விழுங்கிப் பேசினான்.

"அண்ணே, உங்களுக்குப் பெரிய மனசு. மனு வந்ததுலேர்ந்து சத்தத்தைக் குறை, குறைன்னு வாயால சொன்னாங்களே தவிர, ஒருத்தனும் எழுதிக் கொடுக்கல. விசிலுக்குக் காத்து போற குழாயைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிட்டு வந்தேன். அன்னிக்கு முழுசா மூடிட்டேன் போலிருக்கு. சோதனைக்கு முன்னாடி நானே தொறந்துவிட்டேன். விசில் வரலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னிக்கு ஜெயில்ல. என்னைக் காப்பாத்திட்டீங்கண்ணே."

குனிந்த தலையில் உதடு தெரியவில்லை. டிரைவர் வழக்கம்போலச் சிரித்து, தலையாட்டி, அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

"என்னவாம் அவனுக்கு?" என்றார்.

தையல்காரி அவர் முகத்தையே பார்த்தாள். "துக்கம் விசாரிச்சுட்டுப் போறான்" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு தடவை முயன்று பார்த்தாள். "ஒருவேளை விசில் வராம இருந்திருந்தா?" என்று கேட்டாள். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "நான் இழுத்தேம்மா. நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே எண்ணினேன். அந்த எண்ணிக்கை மட்டும் இல்லேன்னா, அவர் சாவுக்கு நான் காரணமோன்னு நெனச்சே நான் செத்துப் போயிருப்பேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மனுஷர் நிம்மதியாகத் தூங்குவதே தன்னுடைய நோட்டின்மேல் தலைவைத்துத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. நாளையோ நாளன்றைக்கோ திரும்ப எஞ்சின் ஏறப்போகிறார் என்பதும் புரிந்தது.

மறுநாள் டியூட்டியில் சேர உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் டிரைவர் கூடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது கேன்காரரின் மனைவி வந்தாள். கையில் ஒரு காகிதம். இரண்டு வாரத்தில் பத்து வயசு கூடிப்போயிருந்தாள். இத்தனை வருஷமும் கேன்களைக் கழுவிக் கழுவி வெளுத்த விரல்கள் அந்தக் காகிதத்தைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருந்தன.

"வாங்க தங்கச்சி" என்று டிரைவர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். அவர்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அதுதான் தையல்காரிக்குத் தாங்கவில்லை.

"அக்கா, ஆபீஸ்லேர்ந்து இதைக் கொடுத்தாங்க. முடிவு எழுதியிருக்காம். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், இது ஒண்ணும் புரியல. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

தையல்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தேதி, வண்டி எண், இடம், எல்லாம் சரியாக இருந்தது. விசில் விதிப்படி ஒலிக்கப்பட்டதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் உள்ளது என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரே வரி.

"படிங்கக்கா."

"...இறந்தவருக்குச் செவித்திறன் குறைவாக இருந்திருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது."

"அப்படின்னா?"

"காது..." தையல்காரி கண்ணாடியைக் கழற்றினாள். "காது சரியாக் கேக்காதுன்னு எழுதியிருக்கு."

கேன்காரரின் மனைவி காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அப்புறம் குரல் உடைந்து வந்தது.

"அவருக்கா? அவருக்குப் பாம்புச் செவி, அக்கா! மூணாவது தெருவுல ஒரு பொம்பளை 'தண்ணி'ன்னு முனகினாக்கூட இங்கேர்ந்து கெளம்பிடுவாரு. போனது போயிடுச்சு, யாரையும் நான் குத்தம் சொல்லல. ஆனா பள்ளிக்கூடத்துல என் பொண்ணைக் கேக்குறாளுங்களாம், உங்கப்பன் செவிடனாடின்னு. அது வந்து என்னைக் கேக்குது. நான் என்னன்னு சொல்ல?" பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று டிரைவர் பக்கம் திரும்பினாள். முந்தானை வாயை மறைத்திருந்தது. "நீங்க சொல்லுங்கண்ணே. இத்தனை வருசமா அவரைப் பாக்குறீங்க. அவரு செவிடா?"

டிரைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். சிரிப்பில் துக்கத்தைக் கலந்து, மெதுவாக, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "நீங்களுமாண்ணே?" என்றாள். அவ்வளவுதான். காகிதத்தை நாலாக மடிக்க ஆரம்பித்தாள். டிரைவர், பெண்கள் பேசிக்கொள்ளட்டும் என்று நாகரிகமாகத் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஷூவைத் தேய்க்கத் தொடங்கினார்.

தையல்காரி இருவரையும் பார்த்தாள். பதினாலு மாசம் என்று ஒரு நினைப்பு வந்தது. நாளைக்கு நாலு நாற்பது என்று இன்னொரு நினைப்பு வந்தது. அந்தக் கைகள் நாலாக மடித்த காகிதத்தை எட்டாக மடிப்பது தெரிந்தது.

"கொஞ்சம் நில்லு" என்றாள்.

மெஷின் மேல் பித்தான்கள் போட்டு வைத்திருந்த பெரிய எவர்சில்வர் தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். டிரைவருக்கு மூன்றடி பின்னால் போய் நின்றாள். தலை உயரத்துக்குத் தூக்கினாள். விட்டாள்.

சிமெண்டுத் தரையில் தட்டு இடி விழுந்த மாதிரி விழுந்து, எகிறி, சுழன்று சுழன்று அலறியது. நூற்றுக்கணக்கான பித்தான்கள் நாலா பக்கமும் தெறித்தன. கேன்காரரின் மனைவி "ஐயோ!" என்று சுவரோடு சாய்ந்தாள். மூன்றாம் வீட்டிலிருந்து கம்பவுண்டர், "யாரு வீட்ல? என்ன விழுந்துச்சு?" என்று குரல் கொடுத்தார்.

டிரைவர் ஷூவின் முனையில் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்தியில்லாமல் திரும்பவும் தேய்த்தார்.

தட்டு சுழன்று ஓய்ந்தது. கேன்காரரின் மனைவி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காகிதம் நழுவியது. தையல்காரி அவள் கண்ணைப் பார்த்து, மெதுவாக, "விசில் அடிக்கல. நான் கேக்காமலே எழுதினேன்" என்றாள்.

ஒரு நீலப் பித்தான் மட்டும் இன்னும் நிற்காமல் உருண்டுபோய் டிரைவரின் காலில் முட்டிச் சாய்ந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார். திரும்பினார். தரை முழுக்கச் சிதறிக் கிடந்த பித்தான்களையும், கவிழ்ந்து கிடந்த தட்டையும், தன்னையே பார்த்து நிற்கும் இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"அடடா, இது எப்பம்மா விழுந்துச்சு?" என்று சிரித்தார்.